சீசனுக்கு முன் அடிச்சாயம்: பினாங்குத் தண்ணீரில் மூன்று வகை டின்கள்

படகின் அடியில் பாசியும் கொட்டலசும் (ஓட்டோடு ஒட்டி வளரும் சிற்றுயிர்) பிடிக்காமலிருக்கப் பூசும் அடிச்சாயத்துக்குக் கொடுக்கும் பணத்தில் பெரும்பங்கு டின்னின் அடியில் உட்கார்ந்திருக்கும். சாயத்தில் உள்ள மற்றச் சரக்குகளைவிடச் செம்பு ஆக்சைடு மிகக் கனம். கடை அலமாரியில் ஆறு மாதம் அசையாமல் நின்ற டின்னில் அது கெட்டிச் சேறாகக் கீழே இறங்கிவிடும். மூடியைத் திறந்து, குச்சியால் நாலு சுற்றுச் சுற்றி, மேலே நிற்பதைத் தட்டில் ஊற்றி முதல் பூச்சை முடித்தவர் படகுக்கு நிறம் கொடுத்திருக்கிறார், அவ்வளவுதான். கொட்டலசைத் தடுக்கும் சரக்கு இன்னும் டின்னுக்குள்ளேயே கிடக்கிறது. அது கடைசிப் பூச்சில், அதுவும் பின்பக்கத்தில், மொத்தமாகப் போய்ச் சேரும். மூன்றே மாதத்தில் முன்பக்கம் முழுக்கக் கொட்டலசு பிடித்துவிட்டது என்று கம்பெனியைத் திட்டுவதற்கு முன் இதைக் கொஞ்சம் யோசிக்கலாம்.

தென்மேற்குக் கச்சான் ஓய்ந்து வடகிழக்கு வாடை எடுக்கும் நேரம் வந்தாயிற்று. மே முதல் அக்டோபர் வரை விடியற்காலையில் வந்து அடித்துவிட்டுப் போகும் சுமத்திரா என்ற சூறைக்காற்றுகள் குறைய, நவம்பர் முதல் மார்ச் வரை மலாக்கா நீரிணையின் வடபகுதியில் பாய் விரிக்க நல்ல காலம். பந்தயங்களும் இந்த மாதங்களில்தான். போர்ட் கிள்ளானில் தொடங்கி பங்கோர், பினாங்கு வழியாக லங்காவி போகும் ராஜா மூடா சிலாங்கூர் பந்தயம் 1990 முதல் நவம்பரில் நடக்கிறது. புக்கெட்டின் கிங்ஸ் கப் டிசம்பரில், லங்காவியின் ராயல் பந்தயம் ஜனவரியில். அதனால் செப்டம்பர் கடைசியிலிருந்து தீபாவளி வரை பட்டறைகளில் தூக்கி வைக்க இடம் கிடைப்பதே பாடு. பினாங்கில் கிடக்கும் படகுகளில் பல இதற்காகத் தெற்கே லுமுட் பக்கம் பங்கோர் மரினாவுக்கோ, வடக்கே லங்காவியின் ரெபாக்குக்கோ போய் ஏறும்.

பந்தயம் ஓடாதவருக்கு அடிச்சாயம் எதற்கு என்று கேட்பவர்கள் ஒரு சின்னக் கணக்குப் போட்டுப் பார்க்கட்டும். பினாங்கிலிருந்து லங்காவி ஏறக்குறைய 60 கடல் மைல். சுத்தமான அடியோடு 5.5 நாட் வேகத்தில் போனால் 11 மணி நேரம். காலை ஆறரைக்குக் கிளம்பினால் மாலை ஐந்தரைக்கு நங்கூரம். பாசியும் கொட்டலசும் ஒரு நாட் வேகத்தைப் பிடித்து இழுத்து 4.5 ஆக்கிவிட்டால் 13 மணி நேரத்துக்கு மேல். ஏழு மணி சுமாருக்குச் சூரியன் மறைந்த பிறகு, விளக்கில்லாத வலை மிதவைகளுக்கு நடுவே, தடவித் தடவித்தான் உள்ளே நுழைய வேண்டும்.

இந்தக் கரையில் கிடைக்கும் சாயங்களை மூன்று வகையாகப் பிரிக்கலாம். நீரில் கரைந்து தானே தேயும் வகை, தேயாத கெட்டி வகை, செம்புத்தூள் கலந்த எபாக்சி. பிராண்டுகளை ஒவ்வொன்றாக எடுத்து மதிப்பெண் போடுவதில் பெரிய பயனில்லை. ஒரே டின் ஜெரெஜாக் தீவுக்குப் பக்கத்தில் நங்கூரத்தில் கிடக்கும் படகில் ஒரு மாதிரியும், ஸ்ட்ரெய்ட்ஸ் கீ மாதிரி சுவர் அடைத்த துறையில் கட்டிக் கிடக்கும் படகில் வேறு மாதிரியும் வேலை செய்யும். எந்த டின் என்பதைவிடப் படகு எங்கே கிடக்கிறது, மாதத்துக்கு எத்தனை நாள் நகர்கிறது, சாயம் எத்தனை மைக்ரான் (மில்லிமீட்டரில் ஆயிரத்தில் ஒரு பங்கு) தடிமன் ஏறியிருக்கிறது என்ற மூன்றும்தான் முடிவைத் தீர்மானிக்கின்றன.

தேயும் வகையை முதலில் எடுத்துக்கொள்வோம். ஜோட்டுனின் சீஃபோர்ஸ் வரிசையும் இன்டர்நேஷனலின் மைக்ரான் வரிசையும் இந்தப் பக்கம் அதிகம் பேசப்படுபவை. சாயத்தின் பிசின் கடல்நீரில் மெதுவாகக் கரையும். மேல் தோல் போகப் போகப் புதுச் செம்பு வெளியே வரும். இதற்குத் தண்ணீர் ஓட்டம் வேண்டும். வாரம் ஒருமுறை பாய் விரிப்பவருக்கு இதைவிட நல்ல சாயம் இல்லை. பலர் கவனிக்காத ஒன்றும் உண்டு: தீவுக்கும் பெருநிலத்துக்கும் இடையில் வற்றும்போதும் ஏறும்போதும் நீர் 2 நாட் வேகத்துக்குக்கூட ஓடும். அந்த ஓட்டத்தில் நங்கூரமிட்ட படகு, நிற்கும் இடத்திலேயே நாளுக்கு நாலு தடவை திசை மாறும் நீரில் தேய்ந்துகொண்டிருக்கிறது. ஆகவே அங்கே கிடக்கும் சோம்பேறிப் படகுக்கும் இந்த வகை பொருந்தும். அடைத்த துறைக்குள் மூன்று மாதம் கயிற்றை அவிழ்க்காத படகுக்குப் பொருந்தாது. மேல் தோல் கரையாமல் வழவழவென்று பாசி மூடிக்கொள்ளும், அதன்மேல் கொட்டலசுக் குஞ்சு உட்காரும்.

இன்னொரு வசதி, அடுக்கு ஏறாது. வருடா வருடம் தேய்ந்து போவதால் மிச்சம் இருப்பதன்மேல் லேசாகத் தேய்த்துப் பூசிவிடலாம். முதல் பூச்சைச் சிவப்பிலும் மற்ற இரண்டைக் கறுப்பிலோ நீலத்திலோ அடியுங்கள். அடுத்த முறை எங்கே சிவப்பு தெரிகிறதோ அங்கே சாயம் தீர்ந்தது என்று படகே சொல்லும். செம்பு ஆக்சைடே செந்நிறம் என்பதால் பளிச்சென்ற வெள்ளை, மஞ்சள் டின்களில் அது இருக்க முடியாது. அவற்றில் வேறு நச்சு, பெரும்பாலும் செம்பு தயோசயனேட். நிறத்துக்கு ஆசைப்பட்டு வாங்குகிறவர் அதற்கும் சேர்த்தே விலை கொடுக்கிறார்.

கெட்டி வகை வேறு கதை. சாயப் படலம் அப்படியே நிற்கும், செம்பு மட்டும் அதிலிருந்து கசிந்து போகும். ஒரு வருடம் கழித்துப் பார்த்தால் தேன்கூடு மாதிரி வெற்றுக் கூடு மிஞ்சியிருக்கும். தேய்த்துக் கழுவத் தாங்கும் என்பது இதன் பலம். நகராத படகுக்கு மாதம் ஒருமுறை ஆள் வைத்துக் கீழே துடைக்கிறீர்கள் என்றால் இதை எடுக்கலாம். பலவீனம் இரண்டு. வருடத்துக்கு வருடம் அடுக்கு ஏறி, ஐந்தாறு சீசனில் பாளம் பாளமாகப் பெயரும். பிறகு முழுவதையும் சுரண்டி ஜெல்கோட் (ஃபைபர் உடலின் வழவழ மேற்பூச்சு) வரை இறக்க வேண்டும். இரண்டாவது, படகைத் தூக்கி இரண்டு மாதம் வெயிலில் வைத்துவிட்டால் மேற்பரப்புச் செம்பு காற்றில் மாறி வீரியம் இழக்கும். திரும்ப இறக்குமுன் தேய்த்துப் பூசியே ஆக வேண்டும். பூசியபின் எத்தனை நாளுக்குள் நீரில் இறக்க வேண்டும் என்பதற்கும் இந்த வகைக்குக் கெடு இருக்கும். டின்னோடு வரும் தகவல் தாளில் அந்த எண்ணைப் பார்க்காமல் வாங்காதீர்கள்.

செம்பு எபாக்சியில் இங்கே பெயர் தெரிந்தது காப்பர்கோட். 1 லிட்டர் பிசினுக்கு 2 கிலோ செம்புத்தூள், சுமார் 4 சதுர மீட்டருக்கு ஒரு பொதி. 25 சதுர மீட்டர் அடி உள்ள படகுக்கு ஏழு பொதி வாங்க வேண்டும். பத்து வருடத்துக்கு மேல் நிற்கும் என்பது தயாரிப்பாளர் வாக்கு. கணக்குப் பார்த்தால் கவர்ச்சியாகத்தான் இருக்கிறது. ஆனால் பழைய சாயம் ஒரு துளி இல்லாமல் ஜெல்கோட்டுக்கோ எபாக்சிக்கோ இறக்கிய பிறகுதான் இது ஏறும். நாலைந்து பூச்சுகளை, ஒன்று பிசுபிசுப்பாக இருக்கும்போதே அடுத்தது என்று, ஒரே நாளில் முடிக்க வேண்டும். கலந்த பொதி இருபது நிமிடத்தில் இறுகத் தொடங்கும், நம் வெயிலில் அதற்கும் முன்பே. செம்புத்தூள் தட்டின் அடியில் படிந்துகொண்டே இருக்கும், ஆகவே ஒருவர் கலக்க, ஒருவர் கிளற, இருவர் உருட்ட என்று நாலு பேராவது வேண்டும். இறுகுமுன் மழை பட்டால் அந்தப் பக்கம் வீண்.

சீசனுக்காக அவசரப்படுபவர்களுக்கு இது ஒத்துவராத இடம் அதுதான். பினாங்கில் மழை அதிகம் கொட்டும் மாதங்கள் செப்டம்பரும் அக்டோபரும். எல்லாரும் படகைத் தூக்குவதும் அப்போதுதான். செம்பு எபாக்சிக்கு ஏற்ற வறண்ட நாட்கள் ஜனவரி, பிப்ரவரியில் வரும், நல்ல காற்றும் அப்போதே. ஒரு சீசனின் நடுவில் இரண்டு வாரத்தைத் தியாகம் செய்ய மனமிருப்பவர், அல்லது கூரை போட்ட கொட்டகை கிடைத்தவர் இதைச் செய்யலாம். மற்றவர்கள் அக்டோபரில் இதைத் தொடுவது சூதாட்டம். பூசிய பிறகும் வேலை தீராது. மேல் எபாக்சித் தோலை 320 அல்லது 400 எண் உப்புத்தாளால் ஈரத்தில் தேய்த்துச் செம்பை வெளியே காட்டினால்தான் அது வேலையைத் தொடங்கும். இந்தச் சூட்டு நீரில் பாசி எப்படியும் படியும், துடைத்துக்கொண்டே இருக்க வேண்டும்.

மீன்பிடிப் படகுக்காரர்கள் வாங்கும் மலிவுச் சிவப்பு டின்னைப் பற்றி ஒரு வார்த்தை. அதைக் கேவலமாகப் பார்க்க வேண்டியதில்லை. மென்மையான பிசின், சீக்கிரம் தேயும், சில மாதங்களுக்கு ஒருமுறை கரையில் ஏற்றிப் பூசுபவருக்குச் சரியான சரக்கு. வருடத்துக்கு ஒரே முறை தூக்கும் பாய்மரப் படகில் அதைப் பூசிவிட்டு வருடம் முழுவதும் எதிர்பார்ப்பதுதான் தவறு.

‘அந்தக் காலத்து டின் சாயம் மாதிரி வராது’ என்று பழையவர்கள் சொல்வார்கள். அவர்கள் டப்பாவைச் சொல்லவில்லை. ஈயலம்பத்தில் எடுக்கும் வெள்ளீயம், அதன் கரிமச் சேர்மமான டிபிடி (டிரைபியூட்டைல்டின்) கலந்த சாயத்தைச் சொல்கிறார்கள். உண்மைதான், கொட்டலசு அண்டாது. சிப்பியின் ஓடும் கோணலாகும், கடல் நத்தையின் பெட்டைக்கு ஆண்குறி முளைக்கும். சிப்பி வளர்ப்பு நொடித்துப்போன பிரான்ஸ் 1982லேயே சிறு படகுகளுக்கு அதைத் தடுத்தது. கப்பல்களுக்கான உலகத் தடை 2008 செப்டம்பர் 17 முதல் நடப்பில் இருக்கிறது. சைபுட்ரின் என்ற பாசிக்கொல்லியும் 2023 ஜனவரி 1 முதல் அந்தப் பட்டியலில் சேர்ந்துவிட்டது. பழைய சரக்கு என்று எவராவது மலிவாக நீட்டினால் வாங்காதீர்கள். ஜூரு பக்கத்துச் சேற்றில் வளரும் கெராங் சிப்பிதான் நாளைக்கு நம் குவே தியோவில் விழுகிறது.

இனி எவ்வளவு வாங்குவது. நீர்க்கோட்டு நீளத்தை, அகலமும் ஆழமும் கூட்டிய தொகையால் பெருக்குங்கள். நீண்ட கீல் (அடியில் இறங்கும் எடைப்பலகை) உள்ள பருத்த படகுக்கு அதில் முக்கால், துடுப்புக் கீல் உள்ள லேசான படகுக்கு அதில் பாதி. 33 அடிப் படகு ஒன்று, நீர்க்கோடு 8.5 மீட்டர், அகலம் 3.2, ஆழம் 1.8 என்றால் பெருக்கல் 42.5. பாதி 21, முக்கால் 32. இரண்டுக்கும் நடுவில் இருக்கும் சாதாரணக் குடும்பப் படகுக்கு 25 சதுர மீட்டர் என்று வைத்துக்கொள்ளலாம். திடப்பொருள் பாதி உள்ள சாயம், ஈரத்தில் 100 மைக்ரான் ஏறினால் காய்ந்து 50 நிற்கும். லிட்டருக்கு 10 சதுர மீட்டர் என்று தாளில் இருக்கும். ரோலரும் தட்டும் காற்றும் தின்பது போக கையில் கிடைப்பது எட்டரை, ஒன்பது. ஒரு பூச்சுக்கு 3 லிட்டர். மூன்று பூச்சுக்கு 9. முன்விளிம்புகளுக்குக் கூடுதலாக ஒரு லிட்டர். இரண்டு 5 லிட்டர் டின் கச்சிதம்.

இரண்டு டின்னுக்குப் பதில் ஒன்றரை டின்னில் முடித்துவிட்டேன் என்று பட்டறைக்காரர் மீதியைப் பெருமையாகத் திருப்பிக் கொடுத்தால் சந்தோஷப்படாதீர்கள். உங்கள் படகில் காய்ந்த தடிமன் சுமார் 40 மைக்ரான் குறைகிறது என்று அர்த்தம். நீங்கள் இழந்தது சீசனின் கடைசி மூன்று மாதம்.

விலையை லிட்டருக்கு லிட்டர் ஒப்பிடுவதும் ஏமாற்றும். இரண்டு டின்களின் தகவல் தாளையும் எடுத்துத் திடப்பொருள் சதவீதத்தைப் பாருங்கள். 40 சதவீத டின் 55 சதவீத டின்னைவிட மலிவாகத் தெரியும், அதே தடிமனுக்கு மூன்றில் ஒரு பங்குக்கு மேல் கூடுதலாக வாங்க வேண்டியிருக்கும். அடர்த்தியும் ஒரு துப்பு. செம்பு நிறைந்த சாயம் லிட்டருக்கு 1.6 முதல் 1.9 கிலோ வரை இருக்கும். 5 லிட்டர் டின்னைத் தூக்கும்போது எட்டு, ஒன்பது கிலோ கையை இழுக்க வேண்டும். துத்தநாக ஆக்சைடும் கனம்தான், ஆகவே கனம் இருந்தால் நல்லது என்று முடிவு கட்ட முடியாது. லேசாக இருந்தால் சந்தேகப்படலாம். கப்பல்களுக்கான 20 லிட்டர் பீப்பாயைப் படகுக்காரர்கள் இருவர் பங்கு போட்டு வாங்கினால் லிட்டர் விலை நன்றாகக் குறையும். ஆனால் கப்பல் சாயத்தில் ஒரு பிடி இருக்கிறது: 15 நாட் வேகத்தில் இரவு பகலாக ஓடும் சரக்குக் கப்பலுக்கென்று மெதுவாகத் தேயும்படி செய்த சாயம், வாரக்கடைசியில் 5 நாட் வேகத்தில் போகும் படகில் தேயவே தேயாது. கரையோரக் கப்பல், குறைந்த வேகம் என்று தாளில் எழுதியிருக்கும் வரிசையை மட்டும் எடுங்கள். டின்னைப் பட்டறைக்குக் கொண்டு போவதற்கு இரண்டு நாளுக்கு முன் தலைகீழாகக் கவிழ்த்து வையுங்கள். துரப்பணத்தில் மாட்டும் கிளறியால் பத்து நிமிடம், அடி சுரண்டி வரும்வரை. பூசும் நடுவிலும் தட்டில் ஊற்றும் ஒவ்வொரு முறையும் ஒரு கிளறு.

படகு தூக்கும் பட்டையில் தொங்கும்போதே வாட்டர் ஜெட் அடிக்கச் சொல்லுங்கள். ஈரக் கொட்டலசு கொத்தாக வரும். மதிய உணவு முடித்து வந்து அடித்தால் காய்ந்துபோய், மலாய்க்கார மீனவர்கள் தெரித்திப் என்று சபிக்கும் கொட்டலசின் வெள்ளை வட்ட அடித்தட்டு மட்டும் ஒட்டிக்கொண்டு நிற்கும். உப்பமிலம் கலந்த கழிவறைத் திரவம் அதைக் கரைக்கும். பித்தளை, ஜிங்க் எதிலும் படாமல், உடனே நிறைய நல்ல தண்ணீரால் கழுவிவிட வேண்டும்.

பழைய சாயம் எந்த வகை என்று தெரியாவிட்டால் தின்னரில் நனைத்த துணியால் ஓரிடத்தில் தேய்த்துப் பாருங்கள். நிறம் தாராளமாக ஒட்டி வந்தால் தேயும் வகை. கெட்டிமேல் தேயும் சாயம் ஏறும், தேயும் சாயத்தின்மேல் கெட்டி ஏறாது. கீழே இருப்பது இளகி, மேலே இருப்பதைக் கூட்டிக்கொண்டு விழும். சந்தேகம் இருந்தால் இடையில் இணைப்பு ப்ரைமர் ஒரு பூச்சு. அதன் செலவு மறுபடியும் சுரண்டும் கூலியில் கால்வாசிகூட இல்லை.

80 எண் உப்புத்தாள், தண்ணீர் ஊற்றி ஊற்றித்தான். காய்ந்த அடிச்சாயத்தை மெஷின் வைத்துத் தேய்ப்பவர் பக்கத்துப் படகுக்காரருக்கும் சேர்த்து நச்சுத் தூளை ஊட்டுகிறார். மூக்கை மூடும் துணி முகக்கவசம் இதற்குப் போதாது, தூள் வடிகட்டி போட்ட ரப்பர் முகக்கவசம் வேண்டும். தேய்த்த சேறும் காலி டின்னும் 2005ஆம் ஆண்டின் அட்டவணைக் கழிவு விதிக்குள் வருபவை. பட்டறையின் கழிவுப் பீப்பாயில் போடுங்கள், வடிகாலில் அல்ல.

நீர்க்கோட்டு டேப்பை பழைய கோட்டிலிருந்து 4, 5 செ.மீ. மேலே ஏற்றி ஒட்டுங்கள். கோடு போட்டது காலிப் படகுக்கு. தண்ணீர்த் தொட்டி, டீசல், சங்கிலி, ஐஸ் பெட்டி, சொந்தக்காரர்கள் எல்லாம் ஏறியபிறகு படகு இறங்கி நிற்கும். வெளிச்சம் அதிகம் படும் அந்தப் பட்டையில்தான் புல் மாதிரிப் பாசி முளைக்கும். கடைசிப் பூச்சு முழுதாகக் காயும் முன் டேப்பை உரித்துவிடுங்கள், இல்லாவிட்டால் விளிம்பு பல்பல்லாகப் பெயரும்.

பூசும் நேரம் முக்கியம். ஈரப்பதம் 85 சதவீதத்துக்குக் கீழே இருக்க வேண்டும், பூசும் பரப்பு பனிநிலையைவிட (காற்றின் ஈரம் நீராகப் படியும் வெப்பநிலை) 3 பாகையாவது சூடாக இருக்க வேண்டும். காலை ஏழு மணிக்குக் கையால் தடவினால் ஈரம் ஒட்டும். அப்போது ஆரம்பிக்கக் கூடாது. ஒன்பதுக்குத் தொடங்குங்கள், நிழல் விழும் பக்கத்தில். காலையில் மேற்குப் பக்கம், மதியத்துக்குப் பிறகு கிழக்குப் பக்கம். சுடும் பரப்பில் சாயம் ரோலரிலேயே இறுகி, நூல் நூலாக இழுக்கும். அந்த இழுவையைக் கண்டதும் பலர் செய்வது தின்னரைத் தாராளமாக ஊற்றுவது. தாளில் சொன்ன 5 சதவீதத்துக்கு மேல் போனால் ஒவ்வொரு ஊற்றலும் தடிமனைத் தின்கிறது. ரோலர் குட்டை மயிர், 6 மி.மீ. ஸ்பாஞ்ச் ரோலர் கரைப்பானில் ஊறிக் கிழியும், சாயத்தையும் மெலிசாகத்தான் வைக்கும். ஈரச் சாயத்தில் குத்திப் பார்க்கும் சிறிய உலோகச் சீப்பு ஒன்று சாயக் கடையில் கேட்டாலே கிடைக்கும். பத்து அடிக்கு ஒருமுறை குத்துங்கள், 100க்கு அடுத்த பல் நனையாமல் 100 வரை நனைந்திருந்தால் சரி.

முதல் பூச்சுக்கு முன்பே தூரிகையால் முன்முனை, கீலின் முன்விளிம்பு, சுக்கானின் இரண்டு விளிம்பு, நீர்க்கோட்டுப் பட்டை இவற்றுக்குத் தனியாக ஒன்று கொடுத்துவிடுங்கள். கூரான விளிம்பில் சாயம் தானாகவே மெலியும், நீரும் அங்கே அதிகம் உரசும். இன்ஜின் தண்ணீர் இழுக்கும் ஓட்டைக்குள் விரல் போகும் ஆழம்வரை சிறு தூரிகையால் பூசுங்கள். அங்கே வளரும் நாலு கொட்டலசும், உறிஞ்சப்படும் ஒரு சொறிமீனும் சேர்ந்தால் துறைமுக வாசலில் இன்ஜின் சூடேறி நிற்கும். ஆழம் காட்டும் கருவியின் முகத்தில் கரைப்பான் சாயம் கூடாது, பிளாஸ்டிக்கைத் தின்றுவிடும். நீரில் கரையும் சாயம், ஒரே மெல்லிய பூச்சு. சேல்டிரைவ், அதாவது அடி வழியாகக் கீழே இறங்கிப் புரொப்பெல்லரைச் சுழற்றும் கால், அலுமினியம். அதில் செம்பு ஆக்சைடு பட்டால் மின்னரிப்பில் கால் ஓட்டையாகும். படகின் சாயமே அந்தக் காலைச் சுற்றி இரண்டு செ.மீ. தள்ளி நிற்க வேண்டும், காலுக்குச் செம்பில்லாத சாயம் தனி. அலுமினியப் படகு வைத்திருப்பவருக்கு மேலே சொன்ன செம்பு ஆக்சைடு டின்களில் எதுவும் ஆகாது.

புரொப்பெல்லர் இந்தப் பக்கத்து நிரந்தரத் தலைவலி. அடிச்சாயம் பித்தளையில் நிற்காது. சுழற்சியில் முதல் வாரமே போய்விடும். வெறும் உலோகமாக விட்டால் இந்தச் சூட்டில் மூன்று வாரத்தில் கொட்டலசு. புரோப்ஸ்பீட் மாதிரி சிலிக்கோன் பூச்சு ஒன்றுதான் பணத்துக்கு வேலை செய்கிறது என்பது எங்கள் கணிப்பு. அதில் நச்சு கிடையாது, வழுக்கல்தான் உத்தி. கொட்டலசு உட்காரும், சுழன்றால் நழுவி விழும். ஆகவே வாரம் ஒருமுறையாவது கியர் போட்டு ஓட்டாத படகில் இதுவும் தோற்கும். 80 எண் தாளில் பளபளப்பு முழுக்கப் போகும்வரை தேய்த்து, துடைத்து, விரல் படாமல் ப்ரைமர், அது முழுதாகக் காயும் முன் சிலிக்கோன். தேய்த்தபின் கையால் தொட்ட இடமெல்லாம் பிறகு தோல் உரிந்து காட்டும். கயிறோ வலையோ உரசினால் கீறல் விழும், கீறலில் வளரும். இருந்தாலும் ஒரு சீசன் தாராளமாகத் தாங்குகிறது.

அரிப்பைத் தான் வாங்கிக்கொண்டு மற்ற உலோகத்தைக் காக்கும் ஜிங்க் கட்டியைப் பற்றிக் கொஞ்சம். பெராய், ஜூரு ஆற்று நீர் கலந்து உப்புக் குறையும் இடங்களில் ஜிங்க் மேலே வெள்ளைத் தோல் கட்டி மரத்துப்போகும். தேயாமல் புதிது போலவே இருக்கிறதே என்று மகிழ்வார்கள், அதற்குள் தண்டும் புரொப்பெல்லரும் இளஞ்சிவப்பாகி இருக்கும். அலுமினியக் கட்டி அங்கே நல்லது. இரண்டையும் கலக்காதீர்கள். மாட்டும் இடத்தில் தண்டை உப்புத்தாளால் பளிச்சென்று தேய்த்து, இறுக்கி, சுத்தியால் லேசாகத் தட்டி, மறுபடி இறுக்குங்கள். பாதி தேய்ந்தால் மாற்றும் காலம். அதன்மேல் சாயம் பூசிவிட்டுப் போகும் பையன்கள் எல்லாப் பட்டறையிலும் உண்டு, ஆகவே சாய வேலை முடிந்த பிறகு மாட்டுவது புத்திசாலித்தனம்.

நாட்கணக்கு: தூக்கிக் கழுவ ஒரு நாள், சுரண்டித் தேய்க்க ஒன்று, ஒட்டுப் பூச்சு, புரொப்பெல்லர் வேலைக்கு ஒன்று, மூன்று பூச்சுக்கு இரண்டு நாள், மழைக்கு இரண்டு நாள். ஏழு நாள் கேட்டுப் பதிவு செய்யுங்கள். ஐந்து நாள் கேட்டுவிட்டு மூன்றாவது பூச்சைத் தியாகம் செய்பவர்களே அதிகம்.

இறக்கிய பிறகு என்ன பிடிக்கிறது என்பதைப் பார்த்தாலே வேலையின் குறை தெரியும். விளிம்புகளில் மட்டும் கொட்டலசு என்றால் தடிமன் போதவில்லை. திட்டுத் திட்டாகச் சாயமே உரிந்திருந்தால் கீழே ஈரமோ தூளோ மெழுகோ இருந்திருக்கிறது. கீலின் அடியில் மட்டும் என்றால் அங்கே யாரும் பூசவில்லை. அடி முழுவதும் வழவழப்பு, கொட்டலசு இல்லை என்றால் சாயம் தன் வேலையைச் செய்கிறது, கவலை வேண்டாம். சீரான பொடிக் கொட்டலசு எங்கும் பரவியிருந்தால் படகு நகரவில்லை, அல்லது டின் சரியாகக் கலக்கப்படவில்லை. ஆறு வாரத்துக்கு ஒருமுறை மென்மையான ஸ்பாஞ்சால் ஒரு துடைப்பு போதும். இங்கே நீருக்குள் ஒரு முழம்கூடத் தெரியாது, தடவித்தான் துடைக்க வேண்டும். முரட்டுப் பிரஷ் போட்டால் எழும் செம்மேகம் நீங்கள் கொடுத்த ரிங்கிட்.

கடைசி டின்னில் அரை லிட்டரை மிச்சம் வையுங்கள். முட்டுக்கொடுத்த நாலைந்து இடமும் கீலின் அடியும் அதுவரை பூசப்படாமலே இருக்கும். இறக்கும் நாளுக்கு முந்தின மாலையே பட்டையில் தூக்கி நிறுத்தித் தரும்படி பதிவு செய்யும்போதே பேசிக்கொள்ளுங்கள். அந்த இடங்களைத் தேய்த்து, மற்ற இடத்தைப் போலவே மூன்று பூச்சு. தூக்கி நிறுத்தப் பத்து நிமிடம்தான் தருவோம், ஒரே பூச்சு அடித்து ஈரத்தோடு இறக்கிவிடுவோம் என்று சொல்லும் பட்டறையில் மற்ற எல்லாம் நன்றாக இருந்தாலும், அடுத்த வருடம் அந்த நாலு சதுரத்திலும் சிப்பி காய்த்துத் தொங்கும்.